அத்திவாரம் வெட்டும் முன்னே அளவுநாடாவை எடுங்கள்

எங்கள் ஒழுங்கை யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் ஏறும் இடத்தில், பத்துப் பரப்புத் தோட்டக் காணியில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடி வரப்போகிறது. கதியால் வேலியைப் பிடுங்கித் தகரம் அடித்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. இப்போது சனசமூக நிலையத்தின் செயலாளர். சில ஆண்டுகளுக்கு முன் அயலில் ஒரு மண்டபம் எழுந்தபோது, கூரை போட்ட பிறகுதான் மனுக் கொடுத்தோம். அதற்குள் வெள்ள வாய்க்கால் மண்ணால் மூடப்பட்டுவிட்டது. அந்தக் கார்த்திகையில் நான்கு வீட்டுக் குசினிகளுக்குள் தண்ணீர் நின்றது. ஆகவே இம்முறை செய்தவற்றை எழுதுகிறேன். உங்கள் ஊருக்கும் உதவட்டும்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். வாய்க்கதையை நம்பிக் கூட்டம் கூட்டாதீர்கள். கட்டிட அனுமதி விண்ணப்பம் பிரதேச சபைக்குத்தான் போகும். காட்டத் தயங்கினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நான் நான்கு விடயங்களைக் குறித்துக் கேட்டேன்: எத்தனை வாகனம் நிறுத்தலாம், லொறி நுழையும் வாயில் எந்தப் பக்கம், மலசலகூடக் குழி எங்கே, மழைநீர் எங்கே போகும்.

பதில் வரும்வரை வீதியை எண்ணுங்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. காலை 6.45 முதல் ஒரு மணி நேரமும், பகல் 1.15 முதல் ஒரு மணி நேரமும் வாயில் வரப்போகும் இடத்தில் கதிரை போட்டு இருங்கள். சைக்கிளில் போகும் பிள்ளைகளைத் தனியாக எழுதுங்கள். சரக்கு லொறி பின்னுக்கு எடுக்கும்போது அதன் பின்னால் நிற்கப்போவது அவர்கள்தான்.

தண்ணீர்க் கணக்குக்குத்தான் நான் அதிக நாள் செலவிட்டேன். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே இறங்கித் தேங்குவதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மேலே கொட்டுவதும் அதே வழியில்தான் இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். பத்துப் பரப்பையும் கூரையும் கொங்கிறீற்றுமாக மூடினால், 50 மில்லிமீற்றர் மழை பெய்யும் நாளில் 126,000 லீற்றருக்கு மேல் நீர் மண்ணில் இறங்காமல் ஓடும். ஆயிரம் லீற்றர் தாங்கிகள் 126! இதை வாசிகசாலைக் கரும்பலகையில் எழுதியபோதுதான் பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள்.

மலசலகூடக் குழி வரும் இடத்திலிருந்து சுற்றியுள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். கிணற்று நீரை இப்போதே பரிசோதித்து அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு நீர் கெட்டால், முன்பு நன்றாக இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

கடைக்காரரிடம் நட்டம் வருமா என்று கேட்காதீர்கள்; எல்லோரும் வரும் என்றுதான் சொல்வார்கள். கடன் கொப்பியில் எத்தனை குடும்பம் என்று கேளுங்கள். பெயர்கள் வேண்டாம். எங்கள் சந்திக் கடைக்காரர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "ரீச்சர், சம்பளத்துக்கு முந்திய கிழமை இவர்களுக்கு அரிசி கொடுப்பது நான்தான். அங்கே யார் கொப்பி வைத்திருப்பார்கள்?" என்றார். அதை அப்படியே அறிக்கையில் சேர்த்தேன். தோட்டக்காரரையும் விடாதீர்கள். கத்தரிக்காயும் மிளகாயும் உரும்பிராய், கோப்பாய்த் தோட்டங்களிலிருந்து வாங்கப்படுமா, தம்புள்ளையிலிருந்து லொறியில் வருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் பதில் கேளுங்கள்.

அங்காடி வேண்டும் என்பவர்களையும் எழுத வேண்டும். என் பெறாமகள் வேலைக்காக நாள்தோறும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். வீட்டருகே வேலை என்றால் அவளுக்கு எவ்வளவு ஆறுதல்! அவளை விட்டுவிட்டு எழுதும் அறிக்கை உண்மையாகாது. உள்ளூரில் எத்தனை பேரை எடுப்பார்கள், இரவு வேலை முடிந்ததும் பெண் பிள்ளைகள் எப்படி வீடு திரும்புவார்கள் என்று அவள் சொல்லித்தான் சேர்த்தேன்.

கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வெறுமனே எதிர்ப்பு என்று எழுதாமல் நிபந்தனைகளாக எழுதுங்கள்: பாடசாலை நேரத்தில் லொறி வரக்கூடாது, மழைநீரைக் காணிக்குள்ளேயே மண்ணில் இறக்க வேண்டும், மின்பிறப்பாக்கி வீடுகளின் பக்கம் இருக்கக்கூடாது. பிரதேச சபைத் தவிசாளருக்கு எழுதி, பிரதேச செயலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீதி அபிவிருத்தி அதிகார சபை ஆகியோருக்குப் பிரதி அனுப்புங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

கட்டிடம் முடிந்ததும், அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டியிருக்கிறார்கள் என்று சபை சான்றிதழ் கொடுப்பதற்கு முன், அதே நாடாவுடன் இன்னொரு முறை போங்கள். வாயிலையும் வாய்க்காலையும் குழியையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து, வேறுபாடு இருந்தால் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள்.