ஒஹாயோ ஸ்டாரைக் கெடுக்கும் ஒரு நூல்

போன ஞாயிற்றுக்கிழமை நாலு பேர், துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் பேட்ச்வொர்க் பழக வீட்டுக்கு வந்தார்கள். நாலு பேருமே பிளவுஸ் தைப்பதில் கைதேர்ந்தவர்கள். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் நாலு பேர் மடியிலும் மூலை சேராத நட்சத்திரம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே தப்பைப் பன்னிரண்டு தடவை செய்தவள் நான்.

தைத்தது ஒஹாயோ ஸ்டார். அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகத் தைக்கிற பழைய கட்டம். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம். நடுவிலும் நாலு மூலையிலும் முழுச் சதுரம், மற்ற நாலும் நாலு நாலு முக்கோணம் சேர்த்த சதுரம். ஊசி, நூல், துணியின் நல்ல பக்கம் எது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விடுவோம். கட்டத்தைக் கெடுக்கும் தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மார்ஜினைத் தாராளமாக விடுவது

பிளவுஸ் தைத்துப் பழகிய கைக்கு உள்ளே துணி விடுவது ஒரு தர்மம். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிட வேண்டுமே! குயில்ட், அதாவது இப்படிக் கட்டங்களைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, உடம்பு போடாது. இங்கே மார்ஜின் கால் இஞ்ச், அதாவது டேப்பில் இரண்டு நூல் (ஒரு நூல் என்பது ⅛ இஞ்ச்). தையல் தெரியாதவர்கள் சொன்னபடி தைத்துவிடுகிறார்கள். தெரிந்தவர்கள்தான், “ஒரு நூல் கூட இருந்தால் என்ன, பலமாகத்தானே இருக்கும்” என்கிறார்கள்.

என்ன என்று சொல்கிறேன். 9 இஞ்ச் கட்டத்துக்கு முழுச் சதுரத்தை 3½ இஞ்சுக்கு வெட்டுகிறோம். ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு நூல் கூடப் பிடித்தால், ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு நூல் போகும். ஒரு வரிசையில் இரண்டு தையல், ஆக அரை இஞ்ச் காணாமல் போகும். முக்கோணச் சதுரம் இன்னும் மோசம். அதில் தையல் மூலைவாட்டத்தில் ஓடுவதால், 3½ வர வேண்டியது கிட்டத்தட்ட மூன்று நூல் குறைந்து 3⅛-க்கு வந்து நிற்கும். அதைப் பக்கத்திலுள்ள முழுச் சதுரத்தோடு சேர்க்க இழுப்பீர்கள். துணி சுருங்கும், நட்சத்திரத்தின் முனை தையலுக்குள் போய் மழுங்கும்.

இது எனக்குத் தெரிந்தது பென்சில்வேனியாவில். தங்கை வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது, இருபது கட்டத்துக்கான துணியை வெட்டி வைத்துக்கொண்டு பன்னிரண்டைத் தைத்தும் முடித்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். ஒரு கட்டத்தை எடுத்து ஸ்கேலை வைத்தார், இன்னொன்றை எடுத்து வைத்தார். ஒன்றும் பேசாமல் தையல் பிரிக்கும் சீம் ரிப்பரை என் கையில் கொடுத்தார். ஒரு கட்டத்தில் இருபது தையல், பன்னிரண்டுக்கு 240. மூன்று நாள் பிரித்தேன். முழுச் சதுரங்கள் பிழைத்தன. முக்கோணங்களின் தையல் விளிம்பு கிராஸில், அதாவது நெசவுக்கு மூலைவாட்டத்தில், இருந்ததால் பிரிக்கப் பிரிக்க நீண்டு நாக்கைத் தொங்கப் போட்டன. 192 முக்கோணம் குப்பைக்கு.

அதனால் முதலில் மெஷினைச் சோதியுங்கள். 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும், மொத்தம் 3½. நடுப்பட்டை ஒடுங்கினால் மார்ஜின் அதிகம். துணி மடியும் இடத்திலும் கொஞ்சம் போகும் என்பதால், மார்ஜின் இரண்டு நூலுக்கு ஒரு மயிரிழை குறைவாகவே வரும்படி தைக்கப் பழகுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் ஓரத்தை நம்பாதீர்கள். என் மெஷினில் அது ஊசியிலிருந்து மூன்று நூல், வினையே அங்கேதான். ஊசியை இறக்கி, அதிலிருந்து அந்த மார்ஜினை அளந்து, பழைய விசிட்டிங் கார்டு நாலைந்தை அடுக்கி ஒட்டி ஒரு சின்ன வரப்பு கட்டிவிடுங்கள். துணியைத் தள்ளும் பல்லை மட்டும் மூடிவிடாதீர்கள்.

முக்கோணத்துக்கும் அரை இஞ்ச் கணக்கே போடுவது

முழுச் சதுரத்துக்கு, தைத்து முடித்தபின் வரும் அளவோடு (இங்கே 3 இஞ்ச்) அரை இஞ்ச் சேர்த்தால் போதும். குறுக்கும் நெடுக்குமாக நாலு முக்கோணமாக வெட்டும் சதுரத்துக்கு 1¼ இஞ்ச் சேர்க்க வேண்டும், அதாவது இங்கே 4¼. நட்சத்திர நிறத்தில் இரண்டு, பின்னணியில் இரண்டு போதும். இப்படி வெட்டினால் வெளி விளிம்பு நெசவின் நேரிலேயே நிற்கும். மிச்சத் துணியில் அட்டையை வைத்துக் கண்டபடி வெட்டினால் அதுவும் கிராஸில் போய்விடும். அப்புறம் கட்டம் அலையடிக்கும்.

இஸ்திரிப் பெட்டியை இழுப்பது

வேட்டிக்குத் தேய்ப்பது மாதிரி இழுத்துத் தேய்க்காதீர்கள். வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடம். மார்ஜினை எப்போதும் முழுச் சதுரத்தின் பக்கமே மடித்து அழுத்துங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் எதிரெதிரே பூட்டிக்கொள்ளும். குண்டூசி குத்தாமலே விரலுக்குத் தெரியும்.

சிவப்பை நனைக்காமல் வெட்டுவது

வெள்ளைப் பின்னணி ரோஸ் ஆகும்.

பாலியஸ்டர் கலந்த கட்பீஸ்

வேண்டாம்.

ஒன்றைத் தைத்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் வெட்டுவது

ஆசைதான், எனக்கும் இருந்தது. ஒரு கட்டத்துக்கு மட்டும் வெட்டுங்கள். தைத்ததும் அளந்து பாருங்கள். 9½ இருந்தால், அதாவது அடுத்த கட்டத்தோடு சேர்க்கும் மார்ஜினோடு, மீதியை வெட்டலாம். 9¼ வந்தால் அன்றைக்கு மெஷினை மூடிவிட்டுக் காபி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்கும் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் ஆளுக்கு மூன்று பட்டை வெட்டினோம்.