தடித்துச் சாய்ந்த எழுத்து: எங்கே சறுக்குகிறது?

பொங்கல் சமயத்தில் ஒரு துணிக்கடைக்கு நோட்டீஸ் வடிவமைத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஃபோன். "தம்பி, தலைப்பு சும்மா நிக்குது. போல்ட் பண்ணி இட்டாலிக் போட்டு விடுங்க, ஒரு வேகம் தெரியணும்." சரி என்று இரண்டு பொத்தானையும் அழுத்தினேன். 'சிறப்புத் தள்ளுபடி' சாய்ந்தது. ஆனால் 'ப்' மேல் நடுவில் இருந்த புள்ளி, எழுத்தின் வலது காலை நோக்கி நகர்ந்துவிட்டது. வட்டமாக இருந்தது முட்டையாகவும் ஆகிவிட்டது.

நாம் செய்யும் முதல் தவறே அந்தப் பொத்தானை நம்புவதுதான். விண்டோஸில் நெடுங்காலமாக இருக்கும் லதா எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணம், போல்ட் என்று இரண்டே வடிவம். இட்டாலிக் என்று ஒன்றை யாரும் வரையவில்லை. அப்படியிருந்தும் வேர்டில் பொத்தானை அழுத்தினால் சாய்கிறதே? நிற்கிற எழுத்தை மென்பொருளே பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான்.

தள்ளினால் என்ன கெட்டுவிடும்? தடித்த ஆங்கில 'ஓ' ஒன்றை அப்படிச் சாய்த்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வலது மேல் மூலையிலும் இடது கீழ் மூலையிலும் கோடு வீங்கியிருக்கும். மற்ற இரண்டு மூலைகளிலும் இளைத்திருக்கும். ஆங்கில 'வி' (V) எழுத்தில் இடது கோடு நிமிர்ந்து தடிக்கும், வலது கோடு படுத்து மெலியும். மெல்லிய எழுத்தில் இதெல்லாம் கண்ணில் படாது. கோடு தடிக்கத் தடிக்கத்தான் குறை வெளியே தெரியும். அதனால்தான் நல்ல எழுத்துருக்களில் தடித்த சாய்வை வரைபவர், சாய்த்த பிறகு ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்துகிறார்.

கோட்டு முனைகளில் குட்டிக் கால்கள் இல்லாத ஆங்கில எழுத்துருக்களில், அதாவது சான்ஸ் செரிஃப்களில், சாய்வு இரண்டு விதம். 1957இல் சுவிட்சர்லாந்தில் வேறு பெயரில் வந்து, 1960இல் ஹெல்வெட்டிகா என்று பெயர் மாறிய எழுத்துருவில், சாய்வும் நேர் எழுத்தின் அதே உருவம்தான், 12 டிகிரி சாய்ந்திருக்கும். 1928இல் வந்த கில் சான்ஸின் இட்டாலிக்கில் உருவமே மாறும்: சின்ன 'ஏ' (a) மேல் வளைவை இழந்து ஒற்றை மாடியாகிவிடும், சின்ன 'பி'க்கு (p) பேனா இழுப்பு போல ஒரு வால் முளைக்கும். சுவிஸ் எழுத்துரு வடிவமைப்பாளர் அட்ரியன் ஃப்ரூட்டிகரின் யூனிவெர்ஸ் எழுத்துருவில் பெயருக்குப் பதில் எண்: 65 என்றால் நேரான போல்ட், 66 என்றால் சாய்ந்த போல்ட். எண்ணைப் பார்த்தே எது எதுவென்று தெரிந்துகொள்ளலாம்; எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும்.

ஆகவே வேலை தொடங்கும் முன் எழுத்துருக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். ஏரியலுக்குச் சாதாரணம், போல்ட், இட்டாலிக், போல்ட் இட்டாலிக் என நான்கு கோப்பு இருக்கும். நான்காவது இல்லையென்றால் திரையில் தெரிவது போலி. ஃபோட்டோஷாப்பில் 'ஃபோ போல்ட்' (Faux Bold), 'ஃபோ இட்டாலிக்' (Faux Italic) என்று பொத்தானின் பெயரிலேயே போலி என்று சொல்லிவிடுகிறார்கள் ('ஃபோ' என்றாலே போலி), நாம்தான் கவனிப்பதில்லை. இணையதளம் செய்கிறவர்கள் சாதாரணக் கோப்பை மட்டும் ஏற்றிவிட்டு போல்ட் இட்டாலிக் கேட்டால், உலாவி இரண்டையும் தானே பொய்யாகச் செய்து காட்டும்.

தமிழில் பொய்யான போல்ட் இன்னும் மோசம். கோட்டைச் சுற்றிலும் மை ஏற்றினாற்போல் தடிக்க வைக்கும்போது சுழிகள் அடைபடும். மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் சின்ன அளவில் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். அதையும் சாய்த்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக அச்சடித்தால் 'மணம்' எது, 'மனம்' எது என்று படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். தமிழ் எழுத்துக்குச் சாய்வு மரபும் கிடையாது. ஆங்கிலத்தில் புத்தகப் பெயரைச் சாய்ப்பார்கள். நமக்கு ஒற்றை மேற்கோள் குறியே போதும்.

அப்புறம் அளவு. தடித்த சாய்வு நாலைந்து சொல்லுக்கான எழுத்து. அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர், ஃபியூச்சுரா எழுத்துருவின் தடித்த சாய்வான 'போல்ட் ஓப்ளிக்'கைச் சிவப்புப் பட்டையில் வெள்ளையாக வைப்பார். சொற்கள் குறைவு, அதனால் அடி விழுகிறது. அதே எழுத்தில் நிபந்தனைகள் முழுவதையும் பத்தி பத்தியாக அடித்தால் ஒருவரும் படிக்க மாட்டார்கள் (சில கடைக்காரர்களுக்கு அதுதான் வசதி என்பது வேறு விஷயம்).

இடம் போதவில்லையென்று அகலத்தை நசுக்குவது தனிப் பாவம். குறுகிய எழுத்து வேண்டுமென்றால் குறுக்கி வரைந்த வடிவமாகவே கிடைக்கிறது, அதை எடுங்கள். சாய்ந்த சொல்லை நேரான அடைப்புக்குறிக்குள் வைக்கும்போது கடைசி எழுத்தின் தலை குறியில் இடிக்கும். அங்கே ஒரு முடி அளவு இடைவெளி கையால் சேர்க்க வேண்டும்.

துணிக்கடை நோட்டீஸில் கடைசியாக என்ன செய்தேன் என்றால், தமிழ்த் தலைப்பை நேராகவே விட்டு, தடித்து வரைந்த வேறொரு எழுத்துருவுக்கு மாற்றினேன். '50%' மட்டும் ஹெல்வெட்டிகாவின் தடித்த சாய்வில், சிவப்பில். அனுப்பியதும் மறுபடி ஃபோன். "இப்பதான் தம்பி வேகமா இருக்கு. அந்த அம்பதை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசாக்கிடுங்க."