இட்லியா, சப்பாத்தியா? குளுக்கோமீட்டரை வைத்து உங்கள் தட்டை நீங்களே சோதிக்கும் முறை

அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "சோத்தை விட்டுட்டு சப்பாத்திக்கு மாறுங்க", "கேப்பை எவ்வளவு வேணா சாப்பிடலாம்", "கருப்பட்டி போட்டா ஒண்ணும் பண்ணாது". கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை இரண்டிலும் பெரும்பங்கு வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், அதனால் அந்த விவாதம் அங்கேயே முடிந்தது. மற்றவற்றுக்கு விடை அவரவர் உடம்பில்தான் இருக்கிறது. ஒரே சாப்பாடு இரண்டு பேருக்கு ஒரே அளவு சர்க்கரையை ஏற்றுவதில்லை. அதை வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை இது. எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

தொடங்கும் முன் ஒன்று. இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைச் சட்டென்று பாதியாக்க வேண்டாம், சர்க்கரை தாழ்ந்துவிடும். 70க்குக் கீழே போனால் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

படி 1: மெஷின் வாங்குவது

மெஷின் விலையைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு சோதனைக்கும் ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பின் விலையைப் பாருங்கள். மெஷினைச் சும்மா கொடுப்பார்கள், ஸ்ட்ரிப்பில் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் தெரு மருந்துக்கடையில் எந்த ஸ்ட்ரிப் எப்போதும் கிடைக்குமோ அதற்கான மெஷினே நல்ல மெஷின். கையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சர்க்கரையை அளக்கும் சென்சார் நல்ல கருவிதான், ஆனால் முதல் மாதத்துக்கே அது தேவையில்லை என்பது என் கருத்து. நாள் முழுக்க ஓடும் கோட்டைப் பார்த்துப் பயந்தே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். குறித்து வைக்க ஆப் வேண்டாம், 40 பக்க நோட்டு போதும். டாக்டர் புரட்டிப் பார்க்க வசதி.

படி 2: கை கழுவுவது

இது ஒரு படியா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் எல்லோரையும் குழப்பியது இதுதான். ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்பே அம்மாவுக்கு 230 காட்டியது. காலையிலிருந்து புதிதாக ஒன்றும் சாப்பிடவில்லை, மாத்திரையும் போட்டாயிற்று. விசாரித்ததில், பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே விரலை நீட்டியிருக்கிறார். சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தால் 128.

ஸ்ட்ரிப் எடுத்துக்கொள்ளும் ரத்தம் ஒரு பொட்டுகூட இல்லை. அதில் பழச்சாறு துளி ஒட்டியிருந்தாலே எண் எங்கோ போய்விடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதுமே என்று நினைக்கலாம். போதாது. ஜப்பானில் பழத்தை உரிக்கவைத்து அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2011ல் வெளிவந்தது. ஸ்பிரிட்டால் திரும்பத் திரும்பத் துடைத்தும் எண் பொய்யாகவே ஏறியிருந்தது. குழாய்த் தண்ணீரில் கழுவியவர்களுக்குச் சரியாக வந்தது. ஆகவே சோப்பு, தண்ணீர், பிறகு நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போய் எண் குறைவாகக் காட்டும்.

படி 3: குத்துவது

விரல் நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ரத்தம் வரவில்லை என்றால் கையைத் தொங்கப்போட்டு உதறுங்கள், பிதுக்காதீர்கள். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடுங்கள்.

படி 4: இரண்டு முறை அளப்பது

சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து. கை கழுவி எழுந்த நேரத்திலிருந்து கிடையாது. எங்கள் அம்மா சாப்பிட்டு முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும், எனவே முதல் கவளத்திலேயே போனில் அலாரம் வைத்துவிடுவேன். வழக்கமான மாத்திரையை வழக்கம்போலவே போட வேண்டும். எண் நன்றாக வரட்டும் என்று அன்றைக்கு மட்டும் விரதம் இருப்பதில் பயனில்லை.

படி 5: எண்ணைப் படிப்பது

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பெரும்பாலான நோயாளிகளுக்குச் சொல்லும் இலக்கு: சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குள். உங்கள் வயதுக்கும் நோய்க்கும் ஏற்ப டாக்டர் வேறு இலக்கு சொன்னால் அதுவே உங்களுக்கு.

நம் சோதனைக்கு முக்கியம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். முன் 120, பின் 200 என்றால் அந்தச் சாப்பாடு 80 ஏற்றியிருக்கிறது. இங்கே ஒரு சங்கதி. வீட்டு மெஷினுக்கு 15 சதவீதம் கூடக்குறைய இருக்க சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. உண்மை 160 என்றால் மெஷின் 136 காட்டினாலும் 184 காட்டினாலும் அது பழுதில்லை. எனவே "இட்லிக்கு 52, தோசைக்கு 60, இட்லிதான் ஜெயித்தது" என்று முடிவு கட்ட முடியாது. ஒரே சாப்பாட்டை வேறு வேறு நாளில் மூன்று நான்கு தடவை பார்த்து, ஏற்றம் ஒரே பக்கமாக நின்றால் மட்டும் நம்புங்கள்.

படி 6: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

சோற்றைக் குறைத்து, காயைக் கூட்டி, நடந்தும் பார்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

முதலில் அளவு. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. நடுத்தரச் சப்பாத்தி ஒன்றில் 15 முதல் 20. மூன்று சப்பாத்தி சாப்பிட்டால் 200 கிராம் சோறு சாப்பிட்ட கணக்குதான். சப்பாத்திக்கு மாறிய பலருக்குச் சர்க்கரை குறைவதில் பாதிக் காரணம், சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம், சோற்றைக் குழம்பு தீரும்வரை சாப்பிடுகிறோம். கேழ்வரகும் அப்படியே: 100 கிராம் மாவில் 65க்கு மேல் மாவுச்சத்து. நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சீக்கிரமே ஏறும். சோற்றை அளக்க ஒரே கரண்டியை ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து வரிசை. பொரியல், கூட்டு, முட்டை எது இருக்கிறதோ அதை முதலில் முடித்துவிட்டு, பிறகு சோறு. நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015ல் வெளியிட்ட சிறு ஆய்வில், 11 நோயாளிகள் ஒரே உணவை வரிசை மாற்றிச் சாப்பிட்டார்கள். காயும் கோழியும் முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 37 சதவீதம் குறைவு. வெறும் பொரியலைச் சாப்பிட அம்மா முதலில் முகம் சுளித்தார். அவருக்கு அதிக பலன் கொடுத்ததும் அதுதான்.

கடைசியாக, சாப்பிட்டதும் 15 நிமிட நடை. மொட்டைமாடி போதும். தசை சுருங்கும்போது ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது.

பின்சேர்க்கை

பிரியாணி சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 150தான் காட்டியது, ஆகவே பிரியாணி நல்லது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கொழுப்பு அதிகமான சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாகவே இறங்கும், உச்சமும் தள்ளிப்போகும். பிரியாணி, பரோட்டா நாட்களில் நான்காவது மணி நேரத்திலும் ஒரு ஸ்ட்ரிப் செலவழியுங்கள். அவர் அப்படிப் பார்த்துவிட்டு அனுப்பிய எண் 215.

இன்னொருவர் கேட்டது: ராத்திரி 130, ஒன்றும் சாப்பிடாமல் தூங்கி எழுந்தால் 160, எப்படி? விடியும் நேரத்தில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏற, கல்லீரல் குளுக்கோஸை வெளியே விடுகிறது. நேற்றைய டிபன் மேல் மட்டும் பழி போட வேண்டாம். தொடர்ந்து இப்படி வந்தால் படுக்கும்போது பார்த்த எண், எழுந்ததும் பார்த்த எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். இது மருந்தை மாற்ற வேண்டிய விஷயமாகக்கூட இருக்கலாம்.