டி.எச். ஹில் வாழ்க்கையை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றுக் கட்டுரை எழுதிப் பழகும் ஒரு பெண் போன வாரம் தன் கட்டுரையைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். டேனியல் ஹார்வி ஹில் பற்றியது. கணிதப் பேராசிரியராக இருந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்புத் தளபதியானவர். மூன்றாவது பத்தியில், பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே தவறு, ஏறக்குறைய அதே சொற்களில். மனம் கேட்கவில்லை. ஆண்டு மாறுவது, ஊர்ப்பெயர் பிழையாவது எல்லாம் எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுத் திருந்திவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

ஏ.பி. ஹில்

அவர் வேறு ஆள். அதே படையில்தான் இருந்தார். முதலெழுத்தை விடாதீர்கள்.

பட்டமும் பதவியும்

மெக்சிகோ போரில் காட்டிய வீரத்துக்காக ஹிலுக்கு கேப்டன், பிறகு மேஜர் என்று 'பிரெவெட்' பட்டம் கிடைத்தது. அது மரியாதைக்குத் தருவது. 1849-ல் ராணுவத்தை விட்டு விலகியபோது அவருடைய நிரந்தரப் பதவி லெப்டினன்ட்தான். 1863-லும் இதே குழப்பம் வரும். லெப்டினன்ட் ஜெனரலாக நியமித்தார்கள். சிக்கமாகா சண்டைக்குப் பின் மேலதிகாரி பிராக்ஸ்டன் பிராகை எதிர்த்தவர்களில் இவரும் ஒருவர். அந்தப் பதவிக்குத் தென்தரப்பு செனட்டின் ஒப்புதல் கடைசிவரை வரவில்லை.

பேராசிரியரை ஒரே வரியில் தாண்டுவது

1849 முதல் 1854 வரை வர்ஜீனியாவில் வாஷிங்டன் கல்லூரி, பிறகு 1859 வரை வட கரோலினாவில் டேவிட்சன் கல்லூரி. பத்து வருட வகுப்பறை வாழ்க்கை. 1857-ல் அவர் வெளியிட்ட இயற்கணிதப் பாடநூலைப் புரட்டினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒரு கணக்கு இப்படிப் போகிறது: மெக்சிகோ போரின் புவெனா விஸ்டா போர்க்களத்திலிருந்து சால்டில்லோ ஆறரை மைல். வடக்கு மாநிலமான இந்தியானாவின் வீரர்கள் இருவர் ஒரே நேரத்தில் களத்தை விட்டு ஓடுகிறார்கள். ஒருவன் மற்றவனைவிட மணிக்கு அரை மைல் வேகம் கூடுதல். 5 நிமிடம் 54 6/11 விநாடி முன்னதாகப் போய்ச் சேர்கிறான். வேகம் என்ன? நான் போட்டுப் பார்த்தேன்: மணிக்கு 6 மைல், 5½ மைல். விநாடியின் பின்னம் வரை இம்மி பிசகாத கணக்கு. அதற்குள்ளேயே வடக்கத்தியர் மீதான வெறுப்பு. போருக்கு நான்கு வருடம் முன்பே மாணவர்கள் இதைப் போட்டுப் பழகியிருக்கிறார்கள். எழுத வேண்டிய செய்தி இது.

ஆணையைத் 'தொலைத்தார்'

இன்றும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். 1862 செப்டம்பர் 9 அன்று, மேரிலாந்தில் தென்தரப்புப் படைத்தலைவர் ராபர்ட் லீ தன் படையைப் பல பிரிவாகப் பிரித்து அனுப்ப 191-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். 13-ஆம் தேதி ஃபிரெடரிக் நகரருகே, வடதரப்பின் 27-ஆவது இந்தியானா ரெஜிமென்ட் வீரர்கள் சுருட்டுகளைச் சுற்றியிருந்த ஒரு தாளைக் கண்டெடுத்தார்கள். அந்த ஆணையின் நகல், டி.எச். ஹில் பெயருக்கு எழுதப்பட்டது. அன்றே அது எதிர்த்தரப்புத் தளபதி மெக்லெலனிடம் போய்விட்டது. உடனே நாமும் "ஹில் தொலைத்தார்" என்று எழுதிவிடுகிறோம்.

நடந்ததைக் கவனியுங்கள். ஹிலின் படைப்பிரிவு அதுவரை லீயின் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் கீழ் இருந்தது. அதனால் ஜாக்சன் தன் கைப்பட ஒரு நகல் எழுதி ஹிலுக்கு அனுப்பினார். ஹில் அதைப் பத்திரமாக வைத்திருந்தார், போருக்குப் பிறகும். லீயின் அலுவலகமும் தனியாக ஒரு நகல் எழுதியது. சில்டன் என்ற அதிகாரியின் கையெழுத்தோடு. கீழே கிடந்தது அந்த இரண்டாவது நகல். அது தன்னிடம் வந்து சேரவே இல்லை என்றார் ஹில். அவருடைய உதவி அதிகாரியும் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார். யார் கையிலிருந்து நழுவியது என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

ஆணை தொலைந்தது; ஹில் தொலைத்தார் என்பதற்குச் சான்று இல்லை. தமிழில் 'ந்'துக்கும் 'த்'துக்கும் உள்ள தூரம்தான். அந்த ஒரு எழுத்தில் ஒரு மனிதர் மீது பழி ஏறிவிடுகிறது. 1868-ல் தன் மாத இதழிலேயே அவர் இதற்கு மறுப்பு எழுத வேண்டியிருந்தது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் 'தொலைத்தார்' என்று எழுதிய என் கட்டுரை அச்சில் வந்த மறுவாரம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டை போட்டார்: "முகவரி எழுதினால் கடிதம் கைக்கு வந்ததாக ஆகிவிடுமா, தம்பி?" அட்டையின் ஓரத்தில் எங்கெங்கே தேடவேண்டும் என்று பென்சிலில் குறித்திருந்தார். தேடிப் படித்தேன். திருத்தம் வெளியானது, கடைசிப் பக்கத்தில், நான்கு வரி. கட்டுரையைப் பார்த்து எழுதியவர்கள் அதைப் பார்க்கவில்லை.

இந்தப் பழியோடு நிறுத்திவிடுவதால் செப்டம்பர் 14 காணாமல் போகிறது. சவுத் மவுண்டன் கணவாய்களில் சுமார் 5,000 பேரோடு நின்று, பிற்பகலில் சக தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் உதவிப் படை வரும்வரை மெக்லெலனின் பெரும் படையைத் தடுத்தவர் ஹில்.

ஜாக்சனின் மைத்துனர்

இல்லை, சகலை. இருவரும் மாரிசன் வீட்டு அக்கா தங்கையைக் கட்டியவர்கள். தமிழில் சரியான சொல் இருக்கும்போது ஏன் பொத்தாம்பொதுவாக எழுத வேண்டும்?

எந்தத் தரப்பு

அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த மாநிலங்களின் தரப்பு. அதை எழுதாமல் வீரத்தை மட்டும் எழுதாதீர்கள்.

1865-லேயே முடித்துவிடுவது

போர் முடிந்த ஆண்டு அது. அதன்பின் 24 வருடம் வாழ்ந்தார். 1866 முதல் 1869 வரை பத்திரிகை நடத்தினார். 1877 முதல் 1884 வரை ஆர்கன்சாஸ் தொழிற்பல்கலைக்கழகத் தலைவர். பிறகு ஜார்ஜியாவில் மில்லட்ஜ்வில் கல்லூரி. 1889 செப்டம்பரில் ஷார்லட்டில் காலமானார். அடக்கம் செய்யப்பட்டது, கணக்குச் சொல்லிக் கொடுத்த டேவிட்சன் கல்லூரியின் கல்லறைத் தோட்டத்தில்.