துணை முதலமைச்சரின் உண்மையான அதிகாரத்தைக் கண்டறிவது எப்படி?

ஒரு மாநிலத்தில் துணை முதலமைச்சர் நியமிக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், அவரால் எதில் முடிவெடுக்க முடியும் என்பதை அறிய விரும்புவோர் முதலில் அரசமைப்புச் சட்டத்தின் 163, 164ஆம் பிரிவுகளைப் படிக்க வேண்டும். அவற்றில் ஆளுநர், முதலமைச்சர், பிற அமைச்சர்கள் ஆகியோர் உண்டு. துணை முதலமைச்சர் இல்லை. எனவே சட்டத்தின் பார்வையில் அவர் ஓர் அமைச்சரே. 1989இல் தேவிலால் துணைப் பிரதமராகப் பதவியேற்றதை எதிர்த்த வழக்கிலும், துணை முதலமைச்சர் நியமனங்களுக்கு எதிரான மனுவை 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தபோதும் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை இதுதான். அமைச்சர்களின் எண்ணிக்கை சட்டமன்ற உறுப்பினர்களின் மொத்த எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்புக்குள் அவரும் அடக்கம்.

அடுத்து, துறை ஒதுக்கீட்டு ஆணையைப் பாருங்கள். அவருடைய செல்வாக்கை அளக்க இதைவிட நம்பகமான ஆவணம் வேறில்லை என்பது என் கருத்து. 2022இல் மகாராஷ்டிரத்தின் துணை முதலமைச்சரான தேவேந்திர பட்னாவிசிடம் உள்துறையும் நிதித்துறையும் இருந்தன. காவல்துறை உள்துறையின் கீழ் வருவதாலும், பிற துறைகளின் புதிய செலவினங்கள் நிதித்துறையின் இசைவைப் பெற வேண்டியிருப்பதாலும், இவ்விரண்டையும் வைத்திருப்பவரின் கை அரசு முழுவதும் நீளும். மாறாக, ஆந்திரத்தில் 2019இல் ஜெகன்மோகன் ரெட்டி ஒரே நேரத்தில் ஐந்து துணை முதலமைச்சர்களை நியமித்தார்; அங்கு அப்பதவி சமூகப் பிரிவுகளுக்கான பிரதிநிதித்துவத்தையே முதன்மையாகக் குறித்தது. கூட்டணி ஆட்சிகளில் அது தோழமைக் கட்சிக்கான மரியாதையாகவும் அமைகிறது.

முதலமைச்சர் பணியாற்ற இயலாதபோது துணை முதலமைச்சர் தாமாகவே அப்பொறுப்புக்கு வந்துவிடுவார் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது, அவர் வகித்த துறைகளை ஆளுநர் 166(3)ஆம் பிரிவின்படி ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கினார். அப்போது பன்னீர்செல்வம் நிதியமைச்சர். துணை முதலமைச்சர் அல்லர். அப்பட்டம் அவருக்கு 2017 ஆகஸ்டில்தான் கிடைத்தது. ஆகவே பொறுப்பு யாருக்கு மாறியது என்பதைப் பதவிப் பெயரைக் கொண்டு ஊகிக்காமல், வெளியான அறிவிப்பைக் கொண்டே முடிவு செய்யுங்கள்.

கோப்புகள் செல்லும் வழி இன்னும் நுட்பமானது. முதலமைச்சருக்குச் செல்லும் கோப்புகளில் எவை துணை முதலமைச்சர் வழியாகச் செல்ல வேண்டும் என்பதை மாநில அரசின் அலுவல் விதிகளும் அவற்றின் கீழான ஆணைகளும் தீர்மானிக்கும். அத்தகைய ஆணை இல்லையென்றால், பிற அமைச்சர்களின் துறைகளில் அவருடைய கையெழுத்துக்கு இடமில்லை. உங்கள் கோரிக்கை மனுவை அனுப்பும்போதும் இதை மனத்தில் கொள்ளுங்கள்: பள்ளிக் கட்டடம் பற்றிய மனு கல்வி அமைச்சருக்கே செல்ல வேண்டும், அத்துறை துணை முதலமைச்சரிடம் இருந்தாலன்றி அவருக்கு அனுப்புவதால் காலதாமதமே மிஞ்சும்.

இந்த ஆணைகள் அரசின் இணையதளத்தில் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தலைமைச் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் கட்டணம் 10 ரூபாய்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். “துணை முதலமைச்சரின் அதிகாரங்கள் யாவை?” என்று பொதுவாகக் கேட்காமல், துறை ஒதுக்கீட்டு ஆணையின் நகலையும், அவர் வழியாகக் கோப்புகளை அனுப்பப் பணிக்கும் ஆணை இருந்தால் அதன் நகலையும் தனித்தனியே கேளுங்கள்.