கடல் காற்றில் மரச்செதுக்கு: பலகையிலிருந்து தாள் வரை

என் அம்மா கடல்பாசி எடுப்பவர். பாம்பனிலிருந்து வத்தை என்ற சிறு படகில் போய், தீவு ஓரத்தில் மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து வருவார். பாறை அறுக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருக்கும். அந்தக் கையைத்தான் ஆறு வருஷமாக மரத்தில் செதுக்கி வருகிறேன். இது ஐந்தாவது பலகை. கடற்கரை ஊரில் இருந்துகொண்டு மரச்செதுக்கு பழக நினைப்பவர்களுக்காக நான் வேலை செய்யும் விதத்தை எழுதுகிறேன்.

மரச்செதுக்கு என்றால் பலகையில் படத்தைச் செதுக்கி, மை ஏற்றி, தாளில் அச்செடுப்பது. அந்த அச்சில் உளி பட்ட இடம் வெள்ளை, படாத இடம் கறுப்பு. பென்சில் பிடித்துப் பழகிய கை இதற்குச் சட்டென்று ஒத்துவராது. பென்சிலால் கோடு போடப் போட இருட்டு கூடும். உளியால் போட்டால் வெளிச்சம் கூடும். முதல் பலகையில் அம்மா கையின் ஒவ்வொரு சுருக்கத்தையும், துணியின் ஒவ்வொரு நூலையும் கீறினேன். அச்செடுத்துப் பார்த்தால் கையே இல்லை, சாம்பல் மூட்டம்தான் இருந்தது. அதனால் இப்போது உளியை எடுப்பதற்கு முன் பலகை முழுவதும் நீர்த்த கறுப்பு மையைப் பூசிக் காயவிடுகிறேன். அதன்மேல் சாக்பீஸால் வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் குறிக்கிறேன். சாக்பீஸ் படாத இடத்துக்கு உளி போகக் கூடாது. செதுக்கும்போது மரத்தின் வெளிர்நிறம் கறுப்புக்குள்ளிருந்து எழுந்து வருவதால், அச்சு எப்படி இருக்கும் என்பது அப்போதே ஓரளவு தெரிந்துவிடும்.

பலகைக்கு நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையில் மராமத்து நடக்கும். படகு கட்டும் ஆசாரியிடம், "அண்ணே, இந்தத் துண்டு உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டால் பிளைவுட் துண்டுகள் கிடைக்கும். படகுக்குப் போடும் பிளைவுட்டில் பசை இறுகியிருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். ஆரம்பத்தில் மேல்பரப்பு வழவழப்பான சாதாரண பிளைவுட்டோ, லினோலியம் என்ற மெத்தென்ற தரைவிரிப்புத் தகடோ போதும். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் ஓரம் உப்பிவிடும். உடைத்த வல்லத்து (நாட்டுப் படகு) பலகை கிடைத்தால் விடாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் பல வாரம் காயவைத்த பிறகே அதைத் தொடுங்கள். ஆணித் துளைகளை அடைக்காமல் விட்டால் அச்சில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். எனக்கு அவை பிடிக்கும்.

அச்சில் எல்லாம் இடம் வலம் மாறும். படத்தை மெல்லிய தாளில் வரைந்து, திருப்பிப் போட்டுக் கார்பன் தாள் வைத்துப் பலகையில் இறக்க வேண்டும். இதை மறந்து பாம்பன் பாலத்தை மண்டபம் பக்கமிருந்து பார்ப்பதுபோல் நேராகச் செதுக்கிவிட்டேன். அச்சைப் பார்த்த சித்தப்பா, "என்னத்தா, தென்கடலைத் தூக்கி வடக்க வச்சுட்டே" என்றார். பாலத்துக்குத் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாதான் எங்களுக்குத் தென்கடல், வடக்கே இருக்கும் பாக் விரிகுடா வடகடல். அலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். அவர் சொன்ன பிறகுதான் இரண்டு கடலையும் ஒரே வெட்டில் செதுக்கக் கூடாது என்றும் புரிந்தது. வடகடல் ஆழம் குறைந்தது. அது அடங்கிக் கிடக்கும் நாளைச் செதுக்க, பிளைவுட்டைக் கம்பி பிரஷால் மரத்தின் இழை போகும் திசையில் தேய்த்துவிட்டு, வி வடிவ உளியால் நாலைந்து படுக்கைக் கோடு போட்டால் போதும். மீதியை மர இழையே பார்த்துக்கொள்ளும். கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதங்களின் தென்கடலுக்கு அகலமான யு வடிவ உளி வேண்டும். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் குறுகிய வெட்டாகப் போட வேண்டும்.

இழைக்குக் குறுக்கே வெட்டும்போது மரம் பிய்ந்து வரும். ஓரத்தை முதலில் கத்தியால் கீறிவிட்டு உளியை வையுங்கள். பலகை நழுவாமலிருக்க மேசையில் ஒரு சட்டத்தை முட்டுக் கொடுங்கள். இன்னொரு கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், முன்னால் போகவே கூடாது. உப்புக் காற்றில் உளி ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் மெஷின் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள்.

மை எண்ணெய் மையாக இருக்கட்டும். கண்ணாடித் துண்டில் கொஞ்சமாகப் பரப்பி ரோலரை ஓட்டுங்கள். மெல்லச் சரசரக்கும் சத்தம் கேட்க வேண்டும். சளசளவென்று கேட்டால் மை அதிகம், நுண்ணிய வெட்டெல்லாம் அடைத்துக்கொள்ளும். பலகையில் மெலிதாகப் பல தடவை ஏற்றுவதே நல்லது. என்னிடம் பிரஸ் கிடையாது. மெல்லிய நேபாளக் காகிதத்தை மேலே போட்டு, சிரட்டை அகப்பையின் பின்புறத்தால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் தேய்க்கிறேன். மூலையைத் தூக்கிப் பார்த்து, மை ஏறாத இடத்தில் மறுபடி தேய்க்கலாம். மற்ற மூலைகள் மட்டும் நகரக் கூடாது. தாளை வீட்டுக்குள்ளேயே நைலான் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். வெளியே போட்டால் மணல் ஒட்டும். மழைக்காலத்தில் காய ஒரு வாரம்கூட ஆகும்.

முதல் அச்சை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள். தேதி எழுதி வையுங்கள். கொஞ்சம் செதுக்கி ஓர் அச்சு, இன்னும் கொஞ்சம் செதுக்கி இன்னோர் அச்சு என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த வெட்டில் படம் கெட்டது என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். என் வளர்ச்சி முழுக்க அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் உலோகத் தகட்டிலும் கல்லிலும் பல வருஷம் அச்செடுத்தவர். 1920-ல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகுதான் மரத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. அதன்பின் அவர் செதுக்கிய தாய்மார்களைப் பாருங்கள். பெரும்பகுதி கறுப்பு. முகத்திலும் கையிலும் கொஞ்சம் வெட்டு. அவற்றைப் பார்த்துத்தான் மூன்றாவது பலகையில் துணியின் நூல்களை விட்டுவிட்டேன். நான்காவதில் விரல் முட்டிகளில் விழும் வெயிலை மட்டும் வெட்டினேன். அம்மா அச்சைக் கையில் வாங்கிப் பார்த்து, "துணி நனைஞ்சிருக்கு" என்றார். நனைந்த துணி என்று நான் எதையும் செதுக்கவில்லை.

எத்தனை பிரதி என்பதை அச்சிடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பன்னிரண்டு என்றால் இடது ஓரத்தில் பென்சிலால் 1/12, 2/12 என்று எழுதி, வலது ஓரத்தில் கையெழுத்து. அதற்குமேல் எடுக்கக் கூடாது.

மேற்கொண்டு செதுக்குவதற்கு முன் அச்சை ஒரு வாரம் கண்ணில் படும் இடத்தில் மாட்டி வைப்பது என் வழக்கம். ஐந்தாவது பலகையின் முதல் அச்சு இப்போது அடுப்படிச் சுவரில் தொங்குகிறது. கட்டைவிரலை இன்னும் தொடவில்லை.