சேலத்தில் இயற்பியல் படிக்கிறீர்களா? வேலை தேடுவதை இப்படித் தொடங்குங்கள்

"பிசிக்ஸ் படிச்சா வாத்தியார் வேலைதான்" என்று நம் பக்கத்தில் இன்னமும் சொல்கிறார்கள். ஆசிரியர் வேலை நல்ல வேலை. ஆனால் அது ஒன்றுதான் வழி என்று நம்பி, மற்ற அறிவிப்புகளைத் திறந்துகூடப் பார்க்காமல் வயது வரம்பைத் தாண்டிவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. விளம்பரத் தலைப்பில் இயற்பியல் என்ற சொல் வருவது அபூர்வம். பதவியின் பெயர் வேறு ஏதாவதாக இருக்கும். நம் பாடம் கல்வித் தகுதிப் பத்தியின் நடுவில் எங்கேயோ கிடக்கும். அங்கே போய் அதைத் தேடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெரியார் பல்கலைக்கழகத்திலோ அதன் கீழ் உள்ள கல்லூரிகளிலோ பி.எஸ்சி., எம்.எஸ்சி. படிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் யாரும் கல்லூரிப் படியேறாதவர்கள், வழி சொல்ல ஆள் இல்லாதவர்கள், உங்களுக்காகத்தான் கொஞ்சம் விரிவாக.

படி 1: ரெக்கார்டு நோட்டை எடுங்கள்

எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது என்று யோசிக்கும் முன் உங்கள் ஆய்வக ரெக்கார்டு நோட்டைத் திறங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எந்தக் கருவி, எதை அளந்தீர்கள், பிழை எங்கே வந்தது என்பதோடு அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதும். நிறமாலைமானி, ஹால் விளைவு, நான்கு முனை முறை என்று இருபது சோதனைகளாவது தேறும். மூன்றாவது கேள்விக்கான பதிலைத்தான் நேர்காணலில் கேட்பார்கள். வாசிப்பு ஏன் தவறியது என்று சொல்லத் தெரிந்தவர் உண்மையிலேயே கருவியைத் தொட்டவர் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் மெல்லிய படலமோ, படிக வளர்ப்போ, நானோ துகளோ செய்திருப்பீர்கள். எக்ஸ்ரே விளிம்பு விளைவு எடுக்க மாதிரியை வெளியூருக்கு அனுப்பியிருந்தால் அதை மறைக்க வேண்டாம். "தரவு வெளியில் எடுத்தது, உச்சிகளை அடையாளம் கண்டு, ஷெரர் சமன்பாட்டில் துகள் அளவைக் கணக்கிட்டது நான்" என்று நேராகச் சொல்லுங்கள். அதுவும் வேலைதான்.

படி 2: பதவியின் பெயரை விடுங்கள், தகுதியைப் படியுங்கள்

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் விமானம் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விமானங்களுக்கு வழி சொல்லும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வேலைக்கு, இந்திய விமான நிலையங்கள் ஆணையம் 'ஜூனியர் எக்சிகியூட்டிவ்' என்ற பெயரில்தான் ஆள் எடுக்கிறது. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். இயற்பியலும் கணிதமும் படித்த மூன்றாண்டு முழுநேர பி.எஸ்சி. போதும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27, ஓ.பி.சி.க்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வு தாண்டி குரல் சோதனையும் வைப்பார்கள். உங்கள் மதிப்பெண் பட்டியலில் கணிதம் தனியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இன்னொன்று, நம் மலையோடு சேர்ந்தது. ஏற்காட்டு மலை சார்னகைட் பாறை, மேலே பாக்சைட், அடிவாரத்தில் மேக்னசைட். நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது என்று ஈர்ப்பையும் காந்தப் புலத்தையும் மின்தடையையும் அளந்து சொல்பவர்தான் ஜியோபிசிசிஸ்ட். போர்வெல் போடும் முன் மின்கம்பிகளை நட்டு நீரோட்டம் பார்ப்பார்களே, அதே மின்தடை முறைதான், இன்னும் ஆழமாகவும் துல்லியமாகவும். இந்திய புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வில், இந்தப் பணிக்கு எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஜியாலஜி மாணவர்களின் தேர்வு என்று நினைத்து நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு எஸ்.எஸ்.சி. மூலம் 2022-இல் 990 இடங்கள் அறிவித்தார்கள். இயற்பியலை ஒரு பாடமாகப் படித்த பி.எஸ்சி.யில் முதல் வகுப்பு (60 சதவீதம்) கேட்டார்கள். இந்த அறிவிப்பு ஆண்டுதோறும் வராது, வரும்போது விட்டுவிடாதீர்கள்.

படி 3: மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா?

வீட்டு நிலைமையை வைத்து நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். படிப்பதென்றால், இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையிலேயே ஜாம் தேர்வுக்குத் தயாராகத் தொடங்குங்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர அதுதான் வாசல். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். ஆசிரியர் வேலைதான் விருப்பம் என்றால் பி.எட்., டெட், டி.ஆர்.பி. என்று பாதை தெளிவாக இருக்கிறது. அதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் உண்டு.

எம்.எஸ்சி.யில் இருப்பவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் என்ற இரண்டு தேசியத் தகுதித் தேர்வுகளையும் எழுதுங்கள். நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இயற்பியல் தாளின் 200 மதிப்பெண்ணில் 30 மதிப்பெண் பொதுத்திறன் பகுதி. குவாண்டம் இயக்கவியலிலேயே மூழ்கி அந்த முப்பதைக் கோட்டை விடாதீர்கள். கேட் மதிப்பெண் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி நேர்காணலுக்கும் உதவும், அதற்கு எம்.எஸ்சி.யில் 60 சதவீதம் வேண்டும்.

மருத்துவ இயற்பியலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவமனைகளில், கட்டிக்கு எவ்வளவு கதிர் போக வேண்டும், பக்கத்து உறுப்புகளுக்கு எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கிட்டுத் திட்டமிடுபவர் மருத்துவ இயற்பியலாளர். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் இருக்கிறது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் கதிரியல் இயற்பியல் முதுநிலைப் பட்டயம் படித்தும் போகலாம். இரண்டுக்கும் பிறகு ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி உண்டு. நீண்ட பாதைதான். ஆனால் நீங்கள் படித்த இயற்பியல் ஒரு நோயாளியின் உடம்பில் நேரடியாகப் பயன்படும் இடம் இதைப்போல வேறு இல்லை. உயிரியல் படிக்கவில்லையே என்று வருந்துகிற பிள்ளைகளிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

படி 4: பக்கத்திலுள்ள ஆலைகளைப் பாருங்கள்

சேலம் உருக்காலை, பொட்டனேரியில் ஜே.எஸ்.டபிள்யூ., மேட்டூர் அனல்மின் நிலையம். பற்றவைப்பும் குழாய்களும் கொதிகலன்களும் உள்ள இடத்திலெல்லாம் பொருளை உடைக்காமல் உள்ளே பிளவு இருக்கிறதா என்று சோதிக்க ஆள் தேவை. இதை என்.டி.டி. என்பார்கள். அதில் மீயொலிச் சோதனை முழுக்க நம் பாடம்தான். எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் போகும். எதிரொலி 10 மைக்ரோ நொடியில் திரும்பினால், போக வர இரண்டு வழி என்பதால் பாதியாக்கி, பிளவு ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் ஆழத்தில் என்று சொல்லிவிடலாம். இதைப் புரிந்து செய்பவருக்கும் மனப்பாடமாகச் செய்பவருக்கும் வித்தியாசம் தெரியும்.

எச்சரிக்கை ஒன்று. "பதினைந்தே நாளில் லெவல் 2" (என்.டி.டி. சான்றிதழின் இரண்டாம் நிலை) என்று பணம் வாங்கும் பயிற்சி மையங்களிடம் கவனமாக இருங்கள். இந்தத் துறையில் சான்றிதழோடு வேலை செய்த மணி நேரமும் கணக்கில் வரும். முதலில் பயிற்சியாளராகச் சேர வழி தேடுங்கள். மத்திய அரசின் நாட்ஸ் தளத்தில் இப்போது கலை, அறிவியல் பட்டதாரிகளும் தொழிற்பழகுநராகப் பதியலாம். வேலைக்கு முன்பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும், சொந்தக்காரர் வழியாக வந்தாலும், கொடுக்காதீர்கள்.

படி 5: ஒரே பக்கத்தில் ரெஸ்யூமே

"கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்ற வரிகளை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் படி 1-இல் எழுதியதை வையுங்கள். உதாரணமாக: "நான்கு முனை முறையில் ஜெர்மானியத்தின் ஆற்றல் இடைவெளியை அளந்தேன்; பைத்தானில் வரைபடம் போட்டுச் சாய்விலிருந்து கண்ட மதிப்பு 0.68 எலக்ட்ரான் வோல்ட்." ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போக வேண்டும், ஆனால் முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு மாற்றினால் சொல்ல வந்தது தெளிவாக இருக்கும். பைத்தான் தெரியாதா? ரெக்கார்டு நோட்டில் உள்ள அட்டவணை ஒன்றை வைத்து வரைபடம் போடுவதிலிருந்து தொடங்குங்கள், அப்புறம் தானாக வரும்.

படி 6: சான்றிதழ்களை இப்போதே வாங்குங்கள்

கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். போட்டித் தேர்வுகளுக்கான இலவசப் பயிற்சி வகுப்பு எப்போது என்று கேளுங்கள். அங்கே உடன் படிக்க நல்ல துணையும் கிடைக்கும்.

அப்படியே இ-சேவை மையத்தில் ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மாநில அரசு வேலைகளுக்கானது. மேலே சொன்ன மத்திய அரசுப் பணிகளுக்கு, மத்தியப் பட்டியலில் உங்கள் சமூகம் இருக்கிறதா என்று பார்த்து, 'கிரீமி லேயர்' (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிடும் தனிப் படிவத்தில் வாங்க வேண்டும். எந்த நிதியாண்டுக்கான சான்றிதழ், எந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு அறிவிப்பிலும் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும், இனிஷியல் உட்பட, ஒன்றாக இருக்கட்டும். மாறியிருந்தால் கல்லூரி விடுமுறையிலேயே திருத்திவிடுங்கள். அறிவிப்பு வந்தபிறகு அலைய நேரம் இருக்காது.